கூழுக்கு 180 ரூபாய், கேழ்வரகுக்கு ரெண்டரை ரூபாய்



போன பதிவுல புழுதி விதைப்பு பத்தி எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசுல கிடந்து அரிச்சுக்கிட்டே இருக்கு, அதை இறக்கி வச்சிர்றேன். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

சுருக்கமா சொன்னா இதுதான். கிராமத்தை விக்கிறாங்க. நல்ல விலைக்கே விக்கிறாங்க. ஆனா அந்த வித்த காசுல கிராமத்துக்குப் பங்கு இல்ல. பழைய வீடு, மாட்டு வண்டி, அம்மி, மண்பானை, கூழு, எல்லாத்துக்கும் ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு விலை போட்டாச்சு. அதே ஊர்ல விளையுற நெல்லு, அதே ஊரு ஊரணி, அதே ஊரு ஆளோட கூலி, இதுக்கு மட்டும் விலை ஏற மாட்டேங்குது. 'பாரம்பரிய விடுதி', 'கிராமிய அனுபவம்'னு போர்டு வச்சிருக்குற இடங்களைப் பத்தித்தான் சொல்றேன்.

ஆயுத பூஜை லீவுக்கு மகன் குடும்பத்தோட வந்திருந்தான். "வருசம் பூரா காட்டுலயே கிடக்குறீங்க, ஒரு நாள் எங்கயாவது போய் இருந்துட்டு வருவோம்ப்பா"ன்னு அவனே இடம் பிடிச்சுட்டான். நானு, வீட்டுக்காரம்மா, எங்க ஆத்தா, மகன், மருமக, பேரன், மொத்தம் ஆறு பேரு. செட்டிநாட்டுப் பக்கத்துல நூறு வருசத்துப் பழைய வீடு ஒண்ண விடுதியா மாத்தியிருக்காங்க. நம்ம ஊர்ல இருந்து ஒரு மணி நேரப் பயணம். பேரு வேண்டாம். இது ஒரு விடுதியோட குறை இல்ல, இந்தத் தொழிலு போற பாதையோட குறை.

முதல்ல பில்லுல இருந்து ஆரம்பிக்கிறேன், விவசாயிக்குக் கணக்குதானே கை வந்தது.

ஒரு அறை 9,000 ரூபாய். ரெண்டு அறை 18,000. 7,500 ரூபாய்க்கு மேல வாடகைன்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 3,240. ஆகமொத்தம் ஒரு ராத்திரிக்கு 21,240 ரூபாய். 2025-26க்கு மத்திய அரசு அறிவிச்ச நெல்லு ஆதார விலை சாதா ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். வகுத்துப் பாருங்க, ஒன்பது குவிண்டால் நெல்லு. கண்மாய் பெருகி, மடை ஒழுங்கா திறந்து, கதிரு பால் பிடிக்கிற நேரத்துல மழை கெடுக்காம இருந்தா எனக்கு ஏக்கருக்குப் பதினெட்டு குவிண்டால் வரும். அப்ப அரை ஏக்கரோட நாலு மாச விளைச்சல், சாயங்காலம் போய் மறுநாள் மதியம் திரும்புற வரைக்கும் படுத்து எந்திரிச்ச வாடகைக்குச் சரியாப் போச்சு. உழவு, விதை, உரம், அறுப்பு மிஷின் வாடகை எதையும் கழிக்காத கணக்கு இது.

"விடுதின்னா அப்படித்தான், நெல்லையும் ரூமையும் ஏன் சேத்து எடை போடுற"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. மெட்ராஸ்ல கண்ணாடி மாளிகை ஓட்டல்ல இதே காச வாங்கியிருந்தா நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அங்க அவன் விக்கிறது அவனோட கண்ணாடி, அவனோட ஏசி. இங்க விக்கிறது நம்ம வாழ்க்கை. அதான் கணக்குக் கேக்குறேன்.

காலையில சாப்பாட்டு அட்டையில 'பாட்டி வைத்த கேழ்வரகுக் கூழ்'னு ஒண்ணு இருந்துச்சு. ஒரு செம்பு 180 ரூபாய். கூட ரெண்டு மோர் மிளகாய், நாலு சின்ன வெங்காயம். ஒரு செம்பு கூழுக்கு அம்பது கிராம் மாவு தாராளம். கேழ்வரகு ஆதார விலை 2025-26க்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், அதாவது கிலோ 48 ரூபாய் 86 காசு. அம்பது கிராமுக்கு ரெண்டரை ரூபாய்க்கும் கொஞ்சம் கம்மி. சமையல்காரர் கூலி இருக்கு, கேஸ் இருக்கு, கட்டடம் இருக்கு, தெரியும். அதுக்கெல்லாம் சேத்து எவ்வளவு வேணாலும் போட்டுக்கங்க. என் கேள்வி வேற. கூழு விக்கிறதே 'கிராமத்துக் கூழு'ங்குற பேருலதான். அந்தப் பேருக்கு உண்டான காசு யாருக்குப் போகுது?

மதியம் கவுனி அரிசி இனிப்பு வச்சாங்க. செட்டிநாட்டு விசேஷ வீடுகள்ல அது இல்லாம பந்தி கிடையாது, நல்லாவும் பண்ணியிருந்தாங்க. பரிமாறுன தம்பிகிட்ட "கவுனி எந்த ஊர்ல வாங்குறீங்க தம்பி"ன்னு கேட்டேன். "எல்லா சாமானும் மதுரை மொத்தக் கடையில இருந்து வாரம் ரெண்டு தடவை வண்டியில வந்துரும்ங்கய்யா"ன்னாரு. விடுதிக்கு நாலு மைல் தள்ளி என் பங்காளி ஒருத்தரு முக்கா ஏக்கர்ல கருப்புக் கவுனி போட்டு, வாங்க ஆளில்லாம வீட்டு மச்சுல மூட்டையா அடுக்கி வச்சிருக்காரு. சுவத்துல மட்டும் பெரிய எழுத்துல 'மண்ணின் சுவை'ன்னு எழுதியிருக்கு. எந்த மண்ணுங்குறதுதான் தெரியல.

அடுத்து 'நாற்று நடும் அனுபவம்'. தலைக்கு 300 ரூபாய், அரை மணி நேரம். மருமகளும் பேரனும் இறங்குனாங்க. பிள்ளை சேத்துல இறங்கிச் சிரிச்சான், எனக்கும் சந்தோசம்தான், அதைக் குறை சொல்லல. ஆனா நம்ம பக்கம் எப்படி வெள்ளாமை பண்ற ஊருன்னு படிக்கிற உங்களுக்குத் தெரியும். வானம் பாத்த கண்மாய்ப் பாசனம். ஆவணி, புரட்டாசியில புழுதியில விதைச்சுட்டு ஐப்பசி மழைக்குக் காத்துக் கிடப்போம். அந்த வாரம் வெளியில எந்த வயலப் பாத்தாலும் புழுதிதான். விடுதிக்குள்ள மட்டும் போர்த் தண்ணியில பத்து சென்ட்டு சேறு, வருசம் முழுக்க நடவு. நட்ட நாத்தைச் சாயங்காலம் பிடுங்கிட்டு மறுநாள் வேற ஆளு நடுறாங்க. கதிரே பாக்காத நாத்து.

நடச் சொல்லிக் கொடுத்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். "நாள் கூலி எவ்வளவு தாயி"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டுச்சு. "நானூறு தர்றாக"ன்னாங்க. நூறு நாள் வேலைக்கு 2025-26ல நம்ம மாநிலத்துக்கு அறிவிச்ச கூலி 336 ரூபாய், அதைவிட இது மேலுதான், மறுக்கல. ஆனா அன்னைக்கு நான் பாக்க அந்தச் சேத்துல இறங்குனவங்க பதினாலு பேரு. 4,200 ரூபாய். நடவுங்குறது ஒரு வித்தை. கை பழகுனவங்ககிட்ட ரெண்டு விரலுக்கு நடுவுல நாத்து நிக்கிற நேக்கு இருக்கு. அந்த வித்தையைச் சொல்லிக் கொடுக்குறவங்க வாத்தியாரு. வாத்தியாருக்குக் கூலி கொடுக்காம, வேசம் கட்டுன ஆளுக்குக் கொடுக்குற மாதிரி கொடுக்குறாங்க.

மாட்டு வண்டி ஓட்டுனவரு எங்க வயசுக்காரரு. குடும்பத்துக்கு 400 ரூபாய், ஊரச் சுத்தி இருபது நிமிசம். பேச்சு கொடுத்தேன்.

"சொந்த மாடாண்ணே?"

"சொந்த மாடுதாண்ணே. ரெண்டு ஏக்கர் இருந்துச்சு, நாலு வருசமாத் தரிசாப் போட்டுட்டேன். கட்டுபடி ஆகல. மாட்ட விக்க மனசு வரல. இங்க கேட்டாக, கூட்டிக்கிட்டு வந்துட்டேன்."

தீனிச் செலவு போக அவருக்கு நாளைக்கு 450 நிக்குதாம். பொழைச்சுக்கிட்டாரு, சந்தோசம். ஆனா இதுல இருக்குற கூத்தப் பாருங்க. அந்த மாடு உழுதப்ப ஒரு பயலும் திரும்பிப் பாக்கல. உழவ நிறுத்துன பிறகு அதுக்குச் சம்பளம். வெள்ளாமை செத்த பிறகுதான் கிராமத்துக்கு அழகு வருதுன்னா, அந்த அழகு யாருக்கு வேணும்?

எங்க ஆத்தாவுக்கு எண்பத்தி ரெண்டு வயசு. முற்றத்துல அம்மி, ஆட்டுக்கல்லு, உரலு, திருகை எல்லாம் வரிசையா வச்சு, 'தொட்டு அரைத்துப் பாருங்கள்'னு எழுதி வச்சிருந்தாங்க. வந்திருந்த பொண்ணுங்க அரைக்கிற மாதிரி போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஆத்தா கொஞ்ச நேரம் பாத்துட்டு என் வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லுச்சு: "இதுல அரைச்சு அரைச்சுத்தான்டி எனக்குத் தோள்பட்டை போச்சு. பன்னண்டு ஆளுக்கு விடிய முன்னாடி எந்திரிச்சு ஆட்டுனேன். இதத் தொட்டுப் பாக்கவா காசு கொடுத்து வர்றாக?"

ஆத்தாவுக்கு அங்க ரொம்பப் பிடிச்சது எது தெரியுமா? அறைக்குள்ளயே இருந்த கழிப்பறை. சுவத்துல பிடிச்சு எந்திரிக்கக் கம்பி இருந்துச்சு, குழாயத் திருப்புனா சுடுதண்ணி வந்துச்சு. "இத நம்ம வீட்டுல வைக்க எவ்வளவு ஆகும்யா"ன்னு கேட்டுச்சு. எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. (கம்பி வாங்கி வந்தாச்சு, கொத்தனாரு வெள்ளிக்கிழமை வர்றாரு.)

இங்கதான் முக்கியமான வெவகாரம் இருக்கு. பட்டணத்துக்காரருக்குக் கிராமம் பழசா இருக்கணும், ஆனா படுக்குற அறையில ஏசி இருக்கணும். அம்மி வெளிய இருக்கணும், மிக்சி அடுப்படிக்குள்ள இருக்கணும். கிராமத்துக்காரங்க கேக்குறதோ நல்ல கழிப்பறை, நேரத்துக்கு பஸ்ஸு, பிரசவத்துக்கு டாக்டரு, விளைஞ்சதுக்கு விலை. இதக் கேட்டா "ஐயோ கிராமம் மாறிப் போச்சே"ன்னு புலம்புறாங்க. நாங்க பட்ட கஷ்டத்துக்கு 'எளிமை'ன்னு பேரு வச்சு, அத எங்களுக்கே 9,000 ரூபாய்க்கு விக்கிறதுக்கு ஒரு துணிச்சல் வேணும்.

வீட்டோட கதைக்கு வர்றேன். சாயங்காலம் ஒரு தம்பி எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போய் வீட்டைச் சுத்திக் காட்டுனாரு. முகப்பு, வளவு, ரெண்டாம் கட்டு, அடுப்படி, ஒரு தெருவுல வாசல்படி, அடுத்த தெருவுல கொல்லை. பர்மா தேக்குத் தூணு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல்லு, முட்டை வெள்ளைக்கரு சேத்து இழைச்ச சுண்ணாம்புச் சுவரு. எல்லாம் அழகாச் சொன்னாரு. தேக்கு கப்பல்ல வந்த கதை சொன்னாரு. தேக்கு வாங்குன காசு எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்லல.

நான் சொல்றேன். அது நெல்லுல வந்த காசு. நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை, சைகோன்னு போய் லேவாதேவி பண்ணாங்க. பர்மாவுல, ஐராவதி ஆத்துப் படுகையில காட்டத் திருத்தி நெல்லு போட்ட சம்சாரிகளுக்கு முதல் போட்டது பெரும்பாலும் இவங்கதான். உலகத்துக்கே அரிசி ஏத்துமதி பண்ற நாடா பர்மா வளந்ததுல அந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. 1930 வாக்குல உலகம் பூரா விலை விழுந்துச்சு. நெல்லு விலை கவுந்துச்சு. வாங்குன கடனக் கட்ட முடியல, அடமானம் வச்ச நிலம் கைமாறிப் போச்சு. கீழ் பர்மாவோட பதிமூணு முக்கிய நெல்லு மாவட்டங்கள்ல 1930ல சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில இருந்துச்சு, 1938ல அது 25 சதவீதம் ஆயிருச்சு. நாலுல ஒரு பங்கு. பின்னாடி 1942ல ஜப்பான்காரன் உள்ள வந்ததும் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு இவங்களும் ஓடி வந்தாங்க. 1948ல பர்மா விடுதலையான பிறகு அந்த நிலமும் போச்சு. அதுக்கு அப்புறம்தான் இங்க பெரிய வீடெல்லாம் ஒண்ணொண்ணாப் பூட்டுப் பிடிக்க ஆரம்பிச்சது.

ஒரு சாதியத் திட்டுறதுக்காக இத எழுதலைங்குறத அழுத்திச் சொல்லிக்கிறேன். அந்தப் பணத்துல ஊரணி வெட்டுனாங்க, கோயில் கட்டுனாங்க, பள்ளிக்கூடம் வச்சாங்க. 1929ல சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது அப்படித்தான். காரைக்குடியில மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தாரு. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க படிச்சு மேல வந்ததுல அவருக்குப் பெரிய பங்கு இருக்கு. நான் சொல்றது ஒண்ணுதான். வரலாறுன்னு டிக்கெட் போட்டா முழு வரலாறையும் சொல்லுங்க. நெல்லு விலை விழுந்தா ஒரு நாட்டுல சம்சாரி நிலமே போகும்ங்குறதுக்கு அந்தத் தூணு சாட்சி. அதச் சொன்னா விருந்தாளிக்குத் தூக்கம் கெட்டுரும்னு பயந்து தேக்கு, பளிங்கோட நிறுத்திக்கிறாங்க.

இப்ப தண்ணி. செட்டிநாட்டு வீடுகள்ல நான் கையெடுத்துக் கும்பிடுற விஷயம் தண்ணிக் கணக்கு. நாலு பக்கக் கூரையும் வளவப் பாத்துச் சரிஞ்சிருக்கும். விழுற மழை முற்றத்துல சேரும், அண்டாவுல பிடிச்சது போக மிச்சம் கிணத்துக்கும் தெருக் கால்வாய்க்கும் போகும், கால்வாய் ஊரணிக்குப் போகும். ஊரே ஒரு கூரை மாதிரி. 2014ல யுனெஸ்கோவோட தற்காலிகப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்கள் சேந்ததுக்கு மாளிகை மட்டும் காரணம் இல்ல, இந்த ஊரமைப்பும் ஒரு காரணம்.

விடுதிக்குள்ள ஒரு நீச்சல் குளம் இருக்கு. என் கண்ணுக்கு 50 அடி நீளம், 20 அடி அகலம், 5 அடி ஆழம். 5,000 கன அடி, கிட்டத்தட்ட 1,41,000 லிட்டரு. "இந்தக் குளத்தாலதான் ஊரே வறண்டு போச்சு"ன்னு நான் எழுதுனா நீங்க கை தட்டுவீங்க, ஆனா அது பொய். ஒரு ஏக்கர்ல ஒரு அங்குலம் தண்ணி நிறுத்தவே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல வேணும். அந்தக் குளத்துத் தண்ணி ஒரு ஏக்கருக்கு ஒரு பாய்ச்சலுக்குக் காணாது. குத்தம் குளத்துல இல்ல.

குத்தம் கொல்லைப் பக்கம் இருக்கு. பின்வாசல் தாண்டி நூறு அடியில ஊரணி. படித்துறை கல்லு அப்படியே இருக்கு. உள்ள சீமைக்கருவேலம், ஆளு உசரத்துக்கு. வரத்துக்கால் எங்க இருந்துச்சுன்னு தேட வேண்டியிருக்கு. வீட்டுக்கூரையில விழுற தண்ணி எப்படி ஊரணிக்குப் போச்சுன்னு உள்ள படம் போட்டு மாட்டியிருக்காங்க. பின்கதவத் திறந்து பாத்தா அந்தப் படம் பொய்யா நிக்குது. தூணுக்கு எண்ணெய் தடவ ஆளு வச்சிருக்கவங்க, வரத்துக்கால்ல ரெண்டு நாளு மண்வெட்டி போட ஆளு வைக்கல. மரபுன்னா மதில் சுவத்தோட நின்னு போச்சு.

எதிர்ப் பேச்சுக்கும் பதில் சொல்லிர்றேன், இல்லன்னா கீழ வந்து கேப்பீங்க.

"விடுதி வரலைன்னா அந்த வீடே இடிஞ்சிருக்கும்." உண்மை. முழுக்க ஒத்துக்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல போய் நின்னு பாருங்க. இடிச்ச வீடுகளோட கதவு, தூணு, நிலை, கண்ணாடி, பெட்டகம், எல்லாம் விலைக்கு அடுக்கியிருக்கும். பத்துப் பங்காளிக்குப் பங்கு இருக்குற வீட்ட யாரு பராமரிக்கிறது? அப்படிச் சிதறிப் போறதுக்கு விடுதியா நிக்கிறது ஆயிரம் மடங்கு மேலு. அதனாலதான் "மூடு"ன்னு நான் சொல்லல. நின்ன வீடு ஊரோட சேந்து நிக்கட்டும்னு சொல்றேன்.

"ஊர்க்காரங்களுக்கு வேலை கிடைக்குது." கிடைக்குது. அறை கூட்ட, தோட்டத்துக்குத் தண்ணி விட, வண்டி ஓட்ட. ஆனா முன்மேசையில உக்காந்திருந்தவரு, சமையல் பொறுப்பு, கணக்கு, எல்லாரும் வெளியூரு. ஊர்ல டிகிரி முடிச்ச பிள்ளைங்களுக்கா பஞ்சம்?

"பிடிக்கலைன்னா போகாத." இது ஒரு பதிலே இல்ல. என் வாழ்க்கையக் கண்காட்சி வச்சா, உள்ள போய்ப் பாக்கவும் கேக்கவும் எனக்கு உரிமை இருக்கு.

இதெல்லாம் ஏன் இவ்வளவு வேகமாப் பேசுறேன்னா, விஷயம் என் வீட்டு வாசலுக்கே வந்துருச்சு. அன்னைக்கு ராத்திரி திண்ணையில உக்காந்து மகன் கேட்டான்: "அப்பா, நம்ம அய்யா கட்டுன ஓட்டு வீட்டையும் இப்படி மாத்துனா என்ன? நாலு ஏக்கர்ல ரெண்டு ஏக்கர அப்படியே பச்சையா விட்டு நாலு குடிசை போடுவோம். சனி, ஞாயிறுக்கு ஆளு வருவாங்க. நீங்களும் வெயில்ல கிடக்க வேண்டாம்."

அவன் சொன்னதுல பாசம் இருக்கு, கணக்கும் இருக்கு. அவன் போட்டுக் காட்டுன வரவு செலவுல நாலு குடிசையோட ஒரு மாச வரவு, என் ஒரு வருச வெள்ளாமை மிச்சத்தைவிட அதிகம். அதுக்கு நான் என்ன பதில் சொல்ல? 'அப்படியே பச்சையா விட்டு'ங்குற வார்த்தைதான் எனக்குத் தைச்சுது. வயலு பாக்குறதுக்கு மட்டும் இருக்கப் போகுது. விளையாது, பச்சையா நிக்கும். எங்க அய்யா கிணறு வெட்டுனப்ப அவரு மனசுல இருந்தது பச்சை இல்ல, கதிரு.

நான் வேண்டாம்னு சொல்லல. மூணு நிபந்தனை போட்டிருக்கேன். நாலு ஏக்கர்லயும் வெள்ளாமை நிக்கக் கூடாது, குடிசை வேணும்னா களத்து மேட்டுல போடு. வர்றவங்களுக்குப் போடுற சோறு நம்ம ஊருல விளைஞ்சதா இருக்கணும், பங்காளி மச்சுல கிடக்குற கவுனியில இருந்து ஆரம்பி. வர்ற காசுல பத்துல ஒரு பங்கு கண்மாய் வரத்துக்காலுக்கு. "இதெல்லாம் போட்டா லாபம் நிக்காதுப்பா"ன்னான். "லாபம் குறையும், நிக்காமப் போகாது, திரும்பப் போட்டுப் பாரு"ன்னேன். அப்பனும் மகனும் இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்.

என் மகனுக்குச் சொன்னதத்தான் எல்லாருக்கும் சொல்றேன்.

விடுதி நடத்துறவங்களே, அரிசியும் பருப்பும் பாலும் காயும் பத்து மைலுக்குள்ள வாங்குங்க. மொத்தக் கடையவிடக் கிலோவுக்கு அஞ்சு ரூபாய் கூடும், 9,000 ரூபாய் அறையில அது தெரியவே தெரியாது. எந்த ஊரு, யாரு வயலுன்னு சாப்பாட்டு அட்டையில போடுங்க. வித்தை சொல்லிக் கொடுக்குறவங்களுக்கு அந்த டிக்கெட்டுல பாதியக் கொடுங்க. வருசத்துக்கு ஒரு தடவை, ஆடியிலயே, பின்வாசல் ஊரணியச் சுத்தம் பண்ணுங்க. ஊரு கூட வரும், மண்வெட்டி நான் கொண்டாறேன்.

சுற்றுலாத் துறைக்காரங்களே, பாரம்பரிய விடுதின்னு தரம் கொடுக்க 1950க்கு முன்னாடி கட்டுன கட்டடமான்னு பாக்குறீங்க. நல்லது. கூடவே அந்த ஊரு ஊரணியில தண்ணி நிக்குதா, உள்ளூர்ச் சம்சாரிகிட்ட எவ்வளவு கொள்முதல், இதையும் ஒரு வரி கேளுங்க. செங்கலுக்கு வயசு பாத்தாப் போதுமா?

விடுதிக்குப் போற பட்டணத்து மக்களே, போங்க. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டே போங்க. ஆனா மூணு கேள்வி கேளுங்க. இந்த அரிசி எந்த ஊரு? அந்த வண்டிக்காரருக்கு எவ்வளவு? ஊரணி எங்க இருக்கு? நாலு பேரு கேட்டா அஞ்சாவது ஆளு வரும்போது பதில் தயாரா இருக்கும். காசு கொடுக்குறவங்க கேள்விக்குத்தான் இங்க மரியாதை, நான் கேட்டா "பெரியவரு பேசிக்கிட்டே இருக்காரு"ம்பாங்க. அப்புறம், உங்கள்ல பாதிப் பேருக்குச் சொந்தமா ஒரு ஊரு இருக்கு. அங்கயும் ஒரு அம்மாவோ அப்பத்தாவோ கூழு காய்ச்சத் தெரிஞ்சு உக்காந்திருக்காங்க. அங்கயும் ரெண்டு நாளு போங்க. போறப்ப அந்தக் கழிப்பறையில ஒரு கம்பி மாட்டிட்டு வாங்க.

நம்ம ஊர்ச் சனங்களுக்குக் கடைசியா. தூணக் கேட்டு ஆளு வர்றான், நிலையக் கேட்டு வர்றான், உரலக் கேட்டு வர்றான். உரலுக்கு ஐநூறு கொடுத்து வாங்குனது விடுதி முற்றத்துல போய் உக்காந்து வருசத்துக்கு எத்தனை ஆயிரம் சம்பாதிக்குதுன்னு நான் பாத்துட்டு வந்துட்டேன். அவசரப்பட்டு விக்காதீங்க. வித்தே ஆகணும்னா விலை தெரிஞ்சு வில்லுங்க. பிள்ளைங்க தொழில் பண்ணணும்னு கேட்டா வாய அடைக்காதீங்க, நிபந்தனை போடுங்க. கிராமத்த யாராவது விக்கத்தான் போறாங்கன்னா, அதுல வெள்ளாமை பண்றவன் கையெழுத்து இல்லாமப் பத்திரம் முடியக் கூடாது.

உங்க ஊருப் பக்கம் இந்த மாதிரி விடுதி இருந்து, உள்ளூர்லயே நெல்லு, காய் வாங்குறாங்கன்னா கீழ எழுதுங்க. நல்லா நடத்துறவங்க நிச்சயம் இருப்பாங்க, என் மகனக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டணும். எங்க பங்காளிகிட்ட இருக்குற கருப்புக் கவுனி வேணும்ங்குறவங்களும் சொல்லுங்க, ஆறு மூட்டை இருக்கு.

அடுத்த வாரம் புழுதி விதைப்பு. மழை வந்துட்டா ரெண்டு நாளு தாமதம் ஆகும், கோவிச்சுக்காதீங்க.